பழைய இருக்கையும் புதிய மெத்தையும்

மக்கள் செய்துகொண்ட பொருள்கள் யாவும் நாள்பட நாள்படத் தேயும் இயல்பின. கல்லாற் கட்டிய மண்டபமும் காலத்தாற் சிதைகிறது. இரும்பாற் செய்த கொழுவும் துருவால் அரிக்கப்படுகிறது. அங்ஙனம் சிதைந்த பொருளை எறிந்துவிட்டுப் புதியதொன்றை வாங்குவது ஒரு வழி. சிதைவின் காரணத்தை ஆராய்ந்து, கெட்ட பகுதியை மட்டும் நீக்கி, நல்ல பகுதியைப் போற்றிக் காப்பது மற்றொரு வழி. முன்னதற்குப் பணம் ஒன்றே போதும். பின்னதற்கு அறிவும் பொறுமையும் நேர்மையும் வேண்டும். பழைய மோட்டார் கார் ஒன்றின் இருக்கையைச் செப்பனிடும் தொழிலை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்தல் பயன் தரும்.

தேனி மாவட்டத்திலுள்ள கம்பம் பள்ளத்தாக்கு இயற்கை வளம் செறிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை அதனை அரண்போற் சூழ்ந்து நிற்கிறது. 1895-ஆம் ஆண்டில் நிறைவெய்திய பெரியாற்று அணையின் நீர் அதன் வயல்களில் பாய்கிறது. கம்பத்திற்கு அண்மையில், சுருளி அருவியை நாடிச் செல்வோர் கடக்கும் சிற்றூர் சுருளிப்பட்டியாகும். அவ்வூரைச் சுற்றிலும் திராட்சைப் பந்தல்கள் விரிந்து கிடக்கின்றன. இப்பள்ளத்தாக்கில் விளையும் கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கொய்த கனி வாடுமுன் சந்தை சேர வேண்டுமாதலின், இவ்வூரார்க்கு ஏரும் மாடும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதன மோட்டார் வண்டிகளும்.

வண்டியின் இருக்கைக்கும் இந்நிலப்பகுதிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இருக்கை மெத்தைக்கு மக்கள் தொன்றுதொட்டுப் பயன்படுத்தி வந்த பொருள்கள் இலவம் பஞ்சும் தென்னை நாருமாம். பின்னர் வந்து சேர்ந்தது இரப்பர். இவற்றுள் இலவம் பஞ்சு போடிநாயக்கனூர், வருசநாடு ஆகிய மலைச்சாரல்களில் மிகுதியாகக் கிடைக்கிறது. தென்னை பள்ளத்தாக்கெங்கும் வளர்கிறது. மலையைக் கடந்து கேரள நாட்டிற் புகுந்தால் இரப்பர்த் தோட்டங்கள் காணப்படும். மெத்தைக்குரிய மூன்று பொருள்களும் சுருளிப்பட்டியை அடுத்துள்ள நிலங்களிலேயே விளைகின்றன.

இலவம் பஞ்சின் இயல்பு வியப்புக்குரியது. அதன் ஒவ்வோர் இழையும் உள்ளே வெறுங்குழலாய்க் காற்றை அடக்கியுள்ளது. புறத்தே மெல்லிய மெழுகுப் பூச்சு உடையது. ஆதலின் அஃது எளிதில் நனையாது, நீரில் மிதக்கும். முற்காலத்தில் கப்பலோட்டிகள் அணியும் மிதவைச் சட்டைகளில் இதனை அடைத்தனர். ஆனால் இழை வழுவழுப்பாயும் குறுகியும் இருத்தலின் பருத்தியைப் போல எளிதில் நூற்க இயலாது. மெத்தைக்கும் தலையணைக்குமே அது மிகுதியும் பயன்படுவதாயிற்று. நாளடைவில் அது கட்டி தட்டும். அப்போது உறையைப் பிரித்து, வெயிலில் உலர்த்தி, அடித்துப் பிரித்தால் மீண்டும் ஓரளவு பொங்கும். விரைவில் தீப்பற்றுதல் இதன் பெருங்குறையாகும்.

தொடக்கக் காலத்து மோட்டார் வண்டிகளின் இருக்கைகள் பெரும்பாலும் சுருள்வில்லின்மீது அமைந்தவை. இரும்புச் சட்டத்தில் வில்களைப் பிணைத்து, அவற்றின்மேல் சாக்குத் துணியை விரித்து, குதிரைமயிர், பஞ்சு, தென்னை நார் முதலியவற்றை அடுக்கி, தோலாற் போர்த்தினர். பின்னர்த் தென்னை நாரின்மீது இரப்பர்ப் பாலைத் தெளித்துப் பதப்படுத்திய நார்மெத்தையும் வழக்கிற்கு வந்தது.

நுரைமெத்தையின் வரலாறு இதன் அடுத்த படியாகும். இரப்பர் வெப்பத்தில் இளகிக் குளிரில் விறைக்கும் குறையுடையது. அதனைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்கும் என்பதனை அமெரிக்கரான சார்லசு குட்யீர் 1839-இல் கண்டறிந்தார். 1929-இல் இங்கிலாந்து நாட்டு டன்லப் ஆய்வுக்கூடத்தினர் இரப்பர்ப் பாலைக் கடைந்து, நுரை பொங்கச் செய்து, அந்நுரையை அப்படியே கெட்டியாக்கினர். நம் இல்லங்களில் தயிர் கடையும்போது எழும் நுரை சற்று நேரத்தில் அடங்கிவிடும். அவர்கள் எழுப்பிய நுரையோ அடங்காது நிலைத்தது. 1937-இல் செருமானிய வேதியியலறிஞர் ஓட்டோ பாயர் என்பாரும் அவருடைய குழுவினரும் பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளைப் படைத்தனர். இரண்டு நீர்மங்களைக் கலக்குங்கால் அவை தம்முள் வினைபுரிந்து இறுகுகின்றன. உடன் சேர்ந்த சிறிது நீரால் கரியமில வாயு தோன்றிக் கலவையைப் பொங்கச் செய்கிறது. ஆப்ப மாவு புளித்துப் பொங்குவதற்கும் இவ்வாயுவே காரணம் என்பதனை எண்ணுக. இக்காலத்து வண்டி இருக்கைகளிற் பெரும்பாலானவை இப்பொருளால் ஆனவையே. கடைத்தெருவில் இதனை ஃபோம் என்றும் ஸ்பாஞ்சு என்றும் கூறுவர்.

நுரைமெத்தையின் உட்புறம் எண்ணிறந்த நுண்ணறைகளால் ஆயது. அவ்வறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கின்றன. ஒருவர் அமரும்போது அறைகளின் மெல்லிய சுவர்கள் வளைகின்றன. உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிறது. அவர் எழுந்ததும் சுவர்கள் நிமிர்கின்றன. காற்று மீண்டும் உட்புகுகிறது. கடையில் '32 டென்சிட்டி' என்று விற்கும் மெத்தையின் பொருள், ஒரு கன மீட்டர் அளவுள்ள மெத்தை 32 கிலோகிராம் எடையுடையது என்பதாம். அதே அளவுள்ள திண்மையான பாலியூரித்தேன் ஏறக்குறைய 1,200 கிலோகிராம் எடையிருக்கும். எனவே அம்மெத்தையில் நூற்றுக்கு 97 பங்கு காற்றே என்பது பெறப்படும். நாம் அமர்வது பெரும்பாலும் காற்றின்மீதே. அக்காற்றைத் தாங்கி நிற்பவை அந்நுண்ணிய சுவர்கள்.

அச்சுவர்கள் சிதையும்போது மெத்தையும் சிதைகிறது. இதற்குக் காரணங்கள் சில உள. பல்லாயிரம் முறை வளைந்து நிமிர்வதால் சுவர்கள் தளர்ச்சியுறும். கதிரவன் ஒளியும் காற்றிலுள்ள உயிர்வளியும் அவற்றை நொறுங்கச் செய்யும். ஈரமும் வெப்பமும் சேர்ந்து சிலவகை மெத்தைகளைப் பிசுபிசுப்பாக்கும். பழைய இரப்பர் நுரைமெத்தை இறுகிப் பின்னர்த் தூளாய் உதிரும். இவற்றோடு எலியும் பூச்சியும் செய்யும் கேடும் உண்டு. எக்காரணத்தாற் கெட்டது என்பதனை அறிந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டும். நோயாளியைக் காணாமல் மருத்துவர் மருந்து எழுதுவதில்லை.

பழைய வண்டிகளைச் செப்பனிடுவோர்க்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. இந்நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர் கார் மேற்கு வங்காளத்து உத்தரபாராவிற் செய்யப்பட்டு வந்தது. 2014-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. பம்பாயில் உருவான பிரீமியர் பத்மினியும், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதற்கு முன்னரே நின்றுவிட்டன. ஆதலின் அவற்றின் இருக்கைகள் புதியனவாகக் கிடைத்தல் அரிது. பிரித்து விற்கும் பழைய வண்டிகளிலிருந்தே எடுத்துப் பொருத்த வேண்டியுள்ளது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழமையும், அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றிற் பெரிய மாற்றமின்றி மூலவடிவும் உடைய வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவதற்கு 2021-இல் இந்திய அரசு தனிவிதிகளை வகுத்தது. கோயம்புத்தூரில் அறிஞர் ஜி. டி. நாயுடுவின் (1893–1974) நினைவைத் தாங்கி விளங்கும் மோட்டார் கார் அருங்காட்சியகத்தில், முன்னாளைய வண்டிகள் பல பேணப்படுகின்றன. பழைய வண்டியைக் காப்பதும் வரலாற்றைக் காப்பதன் ஒரு கூறே என்பது இவற்றால் விளங்கும்.

இனி, செப்பனிடும் முறையைக் காண்போர்க்கு எளிதில் விளங்குமாறு ஒரு நிகழ்ச்சியைக் கற்பனையாக அமைத்துக் காட்டலாம். சுருளிப்பட்டியில் ஒரு குஷன் கடை இருப்பதாகக் கொள்க. முதியவர் ஒருவர் அதனை நடத்துகிறார். பள்ளி விடுமுறையில் அவருடைய பேரன் தொழில் பழக வந்துள்ளான். திராட்சைத் தோட்டத்துக்காரர் ஒருவர், தம் தந்தையார் வாங்கிய பழைய அம்பாசிடர் காரை ஓட்டிவந்து நிறுத்துகிறார். அதன் முன்னிருக்கை எலிகளாற் பாழாயிற்று. மழைநீர் ஒழுகிச் சட்டமும் துருப்பிடித்து உளுத்துப்போயிற்று. ஆதலின் மதுரையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையிலிருந்து, அதே வகை வண்டியின் முன்னிருக்கை ஒன்றை அவர் வாங்கி வந்துள்ளார்.

"ஐயா, இன்னும் ஐந்து நாளில் என் மகளுக்குத் திருமணம். என் தாயார்க்கு வயது எண்பது. இந்த வண்டியிலேதான் குமுளிக்குச் சென்று சம்பந்தி வீட்டாரை அழைத்து வருவேன் என்கிறார். மேலே புதிய ரெக்ஸின் ஒன்று போட்டுத் தந்தால் போதும்" என்றார் தோட்டத்துக்காரர்.

"பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்று மட்டும் கூறினார் முதியவர்.

முதலில் அவர் பேரனிடம் அளவுநாடாவைக் கொடுத்தார். வண்டித் தளத்தில் இருக்கையைப் பிணைக்கும் துளைகளின் இடைவெளியையும், வாங்கிவந்த சட்டத்தின் துளை இடைவெளியையும் அளக்கச் செய்தார். இரண்டும் ஒத்திருந்தன. துளை ஒவ்வாத இருக்கைக்கு எத்துணை நல்ல மெத்தை இட்டும் பயனில்லை. பின்னர் உறையைக் கழற்றத் தொடங்கினர். உறையின் ஓரத்தைச் சட்டத்துக் கம்பியோடு பிணைத்திருந்த இரும்பு வளையங்களைக் குறட்டினால் ஒவ்வொன்றாகத் திறந்தனர். பேரன் பழைய உறையைக் கிழித்து இழுக்க முற்பட்டான்.

"கிழிக்காதே தம்பி. புதிய உறையை வெட்டுவதற்கு இதுவே அளவுச்சட்டை. தையலைப் பிரித்துத் துண்டுகளுக்கு எண் எழுதி வை" என்றார் முதியவர்.

உறை நீங்கியதும் நுரைமெத்தை வெளிப்பட்டது. அது வண்டி செய்த காலத்தது அன்று. பின்னாளில் எவரோ மாற்றியிட்ட பாலியூரித்தேன் மெத்தை. முதியவர் மூக்கையும் வாயையும் துணியால் மறைத்துக்கொண்டு, பேரனையும் அவ்வாறு செய்யப் பணித்தார். உதிர்ந்த தூள் மூச்சிற் கலத்தல் தீது. பின்பு மெத்தையின் ஒவ்வோரிடத்தையும் கட்டைவிரலால் அழுத்தினார். நடுவிலும் இடப்பக்கத்திலும் அழுத்திய குழி உடனே மேலெழுந்தது. அப்பகுதி நலமுடையது. ஓட்டுநர் அமரும் வலப்பக்கத்தின் புற ஓரத்திலோ குழி எழவேயில்லை. விரலில் தூள் ஒட்டியது.

"ஏன் தாத்தா, இந்த ஓரம் மட்டும் கெட்டிருக்கிறது?" என்று வினவினான் பேரன்.

"ஓட்டுநர் வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த ஓரத்தின்மீதே உடம்பு முழுவதையும் ஊன்றித் தேய்த்து நகர்கிறார். கதவு திறந்தால் வெயிலும் மழையும் முதலில் இங்கேதான் படும். ஆகவே எந்த வண்டியிலும் இந்த ஓரமே முதலில் கெடும்" என்றார் அவர்.

மெத்தையை மெல்லத் தூக்கியபோது அடியிலிருந்த சாக்குத் துணி மட்கிக் கிழிந்திருந்தது. வில்லின் முனை ஒன்று நேரே மெத்தையைக் குத்தி அறுத்திருந்தது. வலப்பக்கத்துத் திருகாணித் துளையை ஒட்டிய பற்றவைப்பில் முடி அளவான கீறல் ஒன்றும் காணப்பட்டது. பேரன் அதனைத் தோட்டத்துக்காரரிடம் காட்டினான்.

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். "திருமணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம். மேலே உறை போட்டுவிட்டால் கீறல் யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார்.

"தெரியாதுதான்" என்றார் முதியவர். "ஆனால் குமுளி மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வண்டி ஒடிந்து திரும்பும். உங்கள் எடை முழுவதும் இந்த ஓரத்தில் சாயும். அங்கே இந்தப் பற்று விட்டால் இருக்கை பெயர்ந்துவிடும். உங்கள் கால் பிரேக்கை விட்டு விலகிவிடும். பின்னால் உங்கள் தாயார் அமர்ந்திருப்பார். எனக்கு மூன்று நாள் கொடுங்கள். முடியாது என்றால் இப்படியே எடுத்துச் செல்லுங்கள். உறையை மட்டும் போட்டுக் கொடுக்க மாட்டேன்."

தோட்டத்துக்காரர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "மூன்று நாள்தானே, செய்யுங்கள் ஐயா" என்று கூறிச் சென்றார்.

முதல் நாள் சட்டத்தின் வேலை நடைபெற்றது. மெத்தையைத் தொலைவில் அகற்றிய பின்னரே கீறல் பற்றவைக்கப்பட்டது. நுரைமெத்தையின் அருகில் தீப்பொறி தெறித்தல் ஆகாது. கம்பித் தூரிகையாற் துருவைத் தேய்த்து நீக்கிச் செங்காவிப் பூச்சு இட்டனர். அறுந்த வில்லை மாற்றினர். வில்களின்மேல் புதிய கெட்டியான சாக்குத் துணியை இழுத்துக் கோணியூசியாற் தைத்தனர். இத்துணி வில்லிற்கும் மெத்தைக்கும் இடையே நிற்கும் வேலியாம். இஃது இன்றேல் புதிய மெத்தையும் விரைவில் அறுபடும்.

மெத்தையின் நல்ல பகுதியை மென்மையான சவர்க்கார நீராற் துடைத்து, நிழலிற் காயவைத்தனர். பேரன் அதனை வெயிலில் இட எடுத்துச் சென்றபோது முதியவர் தடுத்தார். "இலவம் பஞ்சுக்கு வெயில் மருந்து, ஃபோமுக்கு வெயில் பகை" என்பது அவர் கூறிய காரணம். ஒரு பொருளுக்கு நன்மை செய்வது மற்றொரு பொருளுக்குத் தீமையாதலும் உண்டு.

இரண்டாம் நாள் மெத்தையின் வேலை. கெட்ட பகுதியை நல்ல பகுதி தென்படும் வரையில், சுவர் நேராக நிற்குமாறு சதுரமாக வெட்டி நீக்கினர். குறுக்கும் நெடுக்குமாய்ப் பிய்ந்த பள்ளத்தில் ஒட்டுத்துண்டு சரியாக அமையாது. பின்னர்த் தாளில் அப்பள்ளத்தின் வடிவை வரைந்தனர். அவ்வடிவின்படி புதிய மெத்தைத் துண்டை ஒவ்வொரு பக்கமும் சிறிதளவு மிகையாக விட்டு நீண்ட கூரிய கத்தியால் அறுத்தனர். சற்றுப் பெரிதான துண்டே பள்ளத்தில் இறுகப் பொருந்தும். அளவொத்த துண்டு நாளடைவில் இளகி இடைவெளி காட்டும்.

இவ்விடத்து மெத்தையின் தரத்தைப் பற்றி அறிந்துகொள்ளுதல் நலம். எடைச்செறிவு வேறு, கடினம் வேறு. செறிவு மிக்க மெத்தை நெடுநாள் உழைக்கும். கடினமான மெத்தை அழுத்தத்திற்கு எளிதில் தாழாது. செறிவு மிக்கும் மென்மையாய் இருக்கும் மெத்தையும் உண்டு. செறிவு குறைந்தும் விறைப்பாய் இருக்கும் மெத்தையும் உண்டு. கையால் அழுத்தி, விறைப்பாய் உள்ளது கண்டு, நெடுநாள் உழைக்கும் என நம்பி ஏமாறுவோர் பலர். இதனைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. நீளமும் அகலமும் 50 சென்டிமீட்டர், கனம் 10 சென்டிமீட்டர் உள்ள மெத்தையின் கன அளவு ஒரு கன மீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே 40 டென்சிட்டி மெத்தையாயின் அத்துண்டு 1 கிலோகிராம் நிற்கும். 32 டென்சிட்டியாயின் 800 கிராம் நிற்கும். தராசு இருந்தால் விற்பவர் சொல்லை நம்பியிருக்க வேண்டுவதில்லை. பள்ளியிற் கற்ற கணக்கு கடைத்தெருவில் உதவும் இடங்களுள் இதுவும் ஒன்று.

முதியவர் பழைய மெத்தையின் நல்ல பகுதியோடு செறிவிலும் கடினத்திலும் ஒத்த துண்டையே தேர்ந்தார். ஒட்டுத்துண்டு மிகக் கடினமாயின் அமர்வோர்க்குக் கட்டிபோல் உறுத்தும். மிக மென்மையாயின் அவ்விடம் மீண்டும் பள்ளமாகும். அடுத்து, இரப்பர்ப் பசையைப் பள்ளத்தின் சுவரிலும் துண்டின் பக்கங்களிலும் மெல்லியதாகப் பூசினர். உடனே ஒட்டவில்லை. பசையின் ஈரம் போய் விரலிற் பிசுபிசுக்கும் பதம் வரும்வரை காத்திருந்து, பின்னர்ப் பொருத்தி அழுத்தினர். அமரும் மேற்பரப்பிற் பசை படாமற் காத்தனர். காய்ந்த பசை தழும்பு போல் இறுகி உறுத்துமாதலின். இப்பசையின் ஆவி தீப்பற்றும் தன்மையது; மூச்சிற்கும் தீங்கானது. எனவே கடையின் கதவுகளைத் திறந்துவைத்து, அடுப்பும் விளக்கும் பீடியும் அணுகாதவாறு அவ்வேலையைச் செய்தனர்.

ஒட்டு நன்கு பிடித்த பின்னர், மேடுபள்ளங்களைச் சீவிச் சமன்செய்தனர். மெத்தை முழுவதன்மேலும் அரை அங்குலக் கனமுள்ள மென்மையான நுரைத்தகடு ஒன்றை விரித்தனர். பழையதும் புதியதும் கூடும் கோடு அதனால் மறைந்தது. அமர்வோர் உடம்பிலும் உறுத்தாது. மறைத்தல் எல்லாம் வஞ்சகம் அன்று. செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பின் அழகுக்காக மறைத்தல் தொழில். செய்ய வேண்டியதைச் செய்யாது விட்டு மறைத்தலே வஞ்சகம். அவ்வேறுபாட்டைப் பேரன் அன்று கண்ணாரக் கண்டான்.

மூன்றாம் நாள் உறை தைக்கப்பட்டது. எண் எழுதிய பழைய துண்டுகளை ரெக்ஸின்மேல் வைத்து வரைந்து, தையலுக்கு இடம் விட்டு வெட்டினர். தைத்த உறையைச் சிறிது நேரம் வெயிலிற் காட்டி இளக்கிய பின் மெத்தைமேல் ஏற்றினர். நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் சமமாக இழுத்து, வளையங்களாற் பிணைத்தனர். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தை இழுத்தால் உறை கோணிச் சுருக்கம் விழும்.

இருக்கையை வண்டியிற் பொருத்தித் திருகாணிகளை முறுக்கியதும், முதியவர் தோட்டத்துக்காரரை அமரச் செய்தார். சாலை நன்கு தெரிகிறதா, கால் பிரேக்கைத் தடையின்றி எட்டுகிறதா, முதுகு தாங்கப்படுகிறதா என ஒவ்வொன்றாகக் கேட்டார். மெத்தை மிக உயர்ந்தால் தலை கூரையில் இடிக்கும். மிகத் தாழ்ந்தால் வண்டியின் முகப்பு சாலையை மறைக்கும். எனவே மெத்தையின் உயரம் ஓட்டுநரின் கண்ணையும் காலையும் நோக்கி அமைதல் வேண்டும். இக்காலத்துப் புதிய வண்டிகள் சிலவற்றில் இருக்கையின் பக்கவாட்டிலேயே காற்றுப்பை அடக்கப்பட்டிருக்கும். அத்தகைய இருக்கையைப் பயிற்சி இல்லாதார் பிரித்தலும், அதன்மேல் வேறு உறையைத் தைத்து மூடுதலும் உயிர்க்கே ஊறு செய்யும் என்பதனையும் முதியவர் பேரனுக்கு எடுத்துரைத்தார்.

கடைவாயிலில் வெட்டி எறிந்த பழைய மெத்தைத் துணுக்குகள் குவிந்துகிடந்தன. பேரன் அவற்றைக் கொளுத்திவிடத் தீப்பெட்டியை எடுத்தான். முதியவர் அதனை வாங்கிக்கொண்டார். பாலியூரித்தேன் எரியும்போது எழும் புகையில் கார்பன் மோனாக்சைடு, ஐதரசன் சயனைடு ஆகிய கொடிய நச்சு வாயுக்கள் கலந்திருக்கும். அப்புகை அடைபட்ட அறையில் மனிதரை விரைவில் மாய்க்க வல்லது. தூளாகாத துணுக்குகளைச் சாக்கில் கட்டிவைத்தால், அவற்றைப் பசையிட்டு அழுத்திப் புதிய கெட்டி மெத்தையாக்குவோர் விலைக்கு வாங்கிக்கொள்வர். எறியத்தக்கதெனத் தோன்றிய பொருளும் இங்ஙனம் மறுபிறவி எடுக்கிறது.

தோட்டத்துக்காரர் கூலியைக் கொடுத்து, வண்டியை ஓட்டிச் சென்றார். புதிய உறையின் பளபளப்பையே வழியிற் கண்டோர் புகழ்ந்தனர். உள்ளே பற்றவைத்த கீறலையும், மாற்றிய வில்லையும், தைத்த சாக்குத் துணியையும் எவரும் கண்டிலர், காணவும் இயலாது. ஆயினும் மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அம்மூதாட்டியின் உயிரைக் காத்துச் சென்றவை அவையே.

இலவம் பஞ்சின் காலத்திலிருந்து பாலியூரித்தேன் காலம் வரையில் மெத்தைக்குரிய பொருள்கள் மாறிவந்துள்ளன, இனியும் மாறும். சுருள்வில்லும் நாரும் சென்ற வழியே நுரைமெத்தையும் ஒரு நாள் செல்லக்கூடும். ஆனால் உறைக்கு அடியில் கிடக்கும் வேலையைச் செவ்வனே செய்தல் வேண்டும் என்னும் நெறி எக்காலத்திற்கும் பொருந்தும். பிறர் காணும் பகுதியை அழகுறச் செய்வோர் பலர். காணாத பகுதியையும் அவ்வாறே செய்வோர் சிலர். அச்சிலரை நம்பியே மக்கள் வண்டியில் ஏறுகின்றனர், பாலத்தைக் கடக்கின்றனர், மருந்தை உண்கின்றனர். இப்பாடத்தைப் பயிலும் மாணாக்கர் எத்தொழிலை மேற்கொள்ளினும் அச்சிலருள் ஒருவராய் விளங்குவாராக.

வினாக்கள்

1. இலவம் பஞ்சு நீரில் மிதப்பது ஏன்?

2. நுரைமெத்தை சிதைவதற்குரிய காரணங்கள் யாவை?

3. எடைச்செறிவிற்கும் கடினத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

4. நீளம் 1 மீட்டர், அகலம் 50 சென்டிமீட்டர், கனம் 10 சென்டிமீட்டர் உள்ள 40 டென்சிட்டி மெத்தையின் எடை யாது?

5. "மறைத்தல் எல்லாம் வஞ்சகம் அன்று" என்பதனைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.